குதிரைக்குச் சுகர் பார்த்தவன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஒரு குதிரைக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்து, அதற்குப் பத்தியமும் போட்டவன் நான். வைத்தியம் தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு, வீட்டு ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மாதா முகத்தில் ஒரு சோகம் இருக்கிறதே, அது பக்கத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது என்பாள் என் மனைவி.

அப்போது எனக்குப் பேராவூரணிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய பகுதியில் வேலை. தென்னந்தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம், அதுதான் கால்நடை மருந்தகம். மாடு, ஆடு, கோழி, எப்போதாவது ஒரு நாய். குதிரையைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பருவம் படித்ததில், அதன் பின்னங்காலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்ற பாடம் மட்டும் மனதில் நின்றிருந்தது. அதை மட்டும் நான் ஒருநாளும் மீறியதில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பையன்கள் துபாய் போய்ச் சேர்ந்துவிடுகிற காலம் அது. பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், கிடைக்காதவர்கள் திருப்பூருக்குப் போனார்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் டேப் ரெக்கார்டர் இருக்கும், தைலம் இருக்கும், சென்ட் பாட்டில் இருக்கும். கொஞ்ச காலத்தில் அவற்றோடு இன்னொன்றும் வர ஆரம்பித்தது: உள்ளங்கையில் அடங்குகிற, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சுகர் எவ்வளவு என்று எண் காட்டுகிற மிஷின். சம்பாதிக்கப் போனவர்களில் பாதிப் பேர் அந்த வியாதியையும் சேர்த்துத்தான் சம்பாதித்து வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஒரு பாய். குவைத்தில் டிரைவர். வயது நாற்பதுக்குள்தான், ஆனால் சுகர். ரேக்ளா பந்தயத்தில் அவருக்குப் பைத்தியம். ஒரு விடுமுறையில் வந்தபோது செவலை நிறத்தில் ஒரு குட்டைக் குதிரை வாங்கினார். பெண் குதிரை. இரண்டு பந்தயத்தில் ஓடியது, மூன்றாவதில் வண்டிச் சக்கரம் கழன்று கால் பிசகியது. சரி, குட்டி எடுப்போம் என்று நல்ல ஆண் குதிரை ஒன்றோடு சேர்த்துவிட்டு, சினை பிடித்ததை உறுதி செய்துகொண்டுதான் விமானம் ஏறினார். புறப்படுகிற அன்று மருந்தகத்துக்கு வந்தார்.

"டாக்டரே, இந்த கான்ட்ராக்ட் முடியிறதும் குட்டி விழுறதும் ஒரே நேரம். குட்டி நல்லபடியா விழுந்துச்சுன்னா நான் திரும்பிப் போகவே மாட்டேன். பந்தயக் குதிரை வளர்த்தே பொழச்சுக்குவேன். வீட்ல அவதான் பாத்துக்கப் போறா. நீங்க ஒரு கண்ணு வச்சுக்குங்க."

"ரெண்டு கண்ணும் வைக்கிறேன் பாய்" என்றேன். கைக்கு அடக்கமாக ஒரு பெட்டியை நீட்டினார்.

"சுகர் மிஷினு. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. மாட்டுக்குக் கீட்டுக்குக் குத்திப் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மறுநாளே ஒரு கிடேரியின் காதில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு காட்டியது. இப்போதே மயங்கி விழப்போகிறது என்று பதறி, வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். மாட்டுக்கு அதுதான் சரியான அளவு என்று சாயங்காலம் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. அன்றைக்கே அந்த மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் டீக்கடையில் அதற்குள் பெயர் பரவிவிட்டது. "டாக்டர் கையில வெளிநாட்டு மிஷினு வந்திருக்கு, ரத்தத்தப் பாத்தே எல்லாம் சொல்லிப்புடுறாரு." இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்த பிறகு எவன் பூட்டுவான்?

பாயின் மனைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவரை மச்சான் என்றுதான் சொல்வார். நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். முதலில் அவருக்கு அந்தக் குதிரையே பிடிக்கவில்லை. "மச்சான் எனக்கு சக்களத்தியக் கொண்டாந்து கட்டிட்டுப் போயிட்டாங்க டாக்டர்" என்று சிரிப்பார். ஆனால் ஆறேழு மாதத்தில் அந்தச் சக்களத்தி இவர் குரல் கேட்டால்தான் தலையைத் தூக்கும் என்றாகிவிட்டது. வேலை முடிந்து கொட்டகைக்கு வரும்போதெல்லாம் முந்தானையில் ஓர் அச்சு வெல்லம் முடிந்து கொண்டுவருவார். உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அது உதட்டாலேயே துழாவி எடுத்துக்கொள்ளும். வெல்லம் கொடுத்துக் கெடுக்காதே என்று பாய் போனில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

வெயில் ஏறிய ஒருநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாளா தண்ணி ரொம்பக் குடிக்குது டாக்டர். அடிக்கடி மூத்திரம் பெய்யுது. வெயிலுக்கா, வயித்துல குட்டி இருக்குறதாலயான்னு தெரியல."

வெயிலுக்குத்தான். வயிற்றில் குட்டி இருப்பதாலும்தான். அவரே கேள்வியைக் கேட்டு அவரே பதிலையும் சொல்லிவிட்டார். அதோடு நான் மொபெட்டைத் திருப்பியிருக்கலாம். ஆனால் தாகமும் மூத்திரமும் என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மிஷின் அங்கேதான் இருந்தது.

முறையாகச் செய்வதென்றால் கழுத்து நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். அதற்குக் குதிரையை ஒட்டி நிற்க வேண்டும். குதிரை ஊசிக்குப் பயப்படும் என்று நான் வெளியே சொல்லிக்கொள்வேன். பயந்தது யார் என்று குதிரைக்கும் எனக்கும் தெரியும். இந்த மிஷினுக்குத்தான் ஒரு சொட்டு போதுமே. மேலுதட்டைத் தூக்கி, உள்பக்கம் லேசாகக் குத்தினால் வந்துவிடும்.

"எதையாவது குடுத்து வாயைத் தொறக்க வைங்க தங்கச்சி."

அவர் முந்தானையை அவிழ்த்து வெல்லத்தைக் கொடுத்தார். அது மென்றுகொண்டிருக்கும்போதே அதே விரல்களால் உதட்டைத் தூக்கிப் பிடித்தார். நான் குத்தினேன், சொட்டு வந்தது, வைத்தேன். வெல்லத்தில் உடைந்த ஒரு துண்டு அவர் கையில் மிச்சம் இருந்தது. "நீங்க சாப்புடுங்க டாக்டர், புது வெல்லம்" என்று நீட்டினார். அதை வாயில் போட்டுக்கொண்டே எண்ணைப் பார்த்தேன். முந்நூற்று நாற்பது. குதிரைக்கு நூறைச் சுற்றி இருக்க வேண்டும் என்று இம்முறை முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன்.

"தங்கச்சி, இதுக்கு சுகர்."

"குதிரைக்கு வருமா டாக்டர்?"

"மனுசனுக்கு வர்றது குதிரைக்கு வராதா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. வேறு வீடாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த வீட்டில் சுகர் என்பது தினமும் சோற்றோடு சேர்த்துப் பேசுகிற விஷயம். பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் செய்தார். "எனக்கும் சுகர், எங் குதிரைக்கும் சுகரா? பொருத்தம் பாத்துத்தான் வாங்கியிருக்கேன் டாக்டரே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு பத்தியம் எழுதிக் கொடுத்தேன். வெல்லம் கூடாது. கொள்ளு கூடாது. தவிடு கூடாது. பச்சைப் புல்லைக் குறைக்க வேண்டும். வைக்கோல் மட்டும், அதுவும் அளந்து. மனிதர்களுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்வார்களே, அதையே குதிரைப் பாஷையில் மாற்றி எழுதினேன்.

காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "வயித்துப் புள்ளக்காரிக்கு இவ்ளோ கம்மியா போடலாமா டாக்டர்?"

அந்தக் கேள்வியை ஒரு தேர்வில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சரியான பதிலை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். கொட்டகையில் நின்று அவர் கேட்டதால், "மிஷின் பொய் சொல்லாது தங்கச்சி" என்றேன்.

அவர் ஒரு வைக்கோல் கூட அதிகம் போடவில்லை. வெல்லத்தை அறவே நிறுத்தினார். ஆனால் வாரம் ஒருமுறை நான் போகும்போது மட்டும், நான் சொன்னபடியே, வாயைத் திறக்க வைப்பதற்காக ஒரு துண்டு. ஒளித்து மறைத்து அல்ல, என் கண் முன்னால், என் உத்தரவின்பேரில். அடுத்த வாரம் முந்நூற்றுப் பத்து. அதற்கடுத்த வாரம் முந்நூற்று அறுபது. வைக்கோலை இன்னும் குறைக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மிச்சத் துண்டு எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் தின்றேன்.

டீக்கடையில் நான்தான் ராஜா. "குதிரைக்கே சுகர் கண்டுபுடிச்ச டாக்டருங்க" என்று வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார்கள். "அது ஒண்ணும் பெரிய விசயமில்லப்பா" என்று சொல்வேன், அதைப் பெரிய விஷயம் என்று அவர்கள் இன்னொரு முறை சொல்வதற்காக.

நான்காம் வாரம் போனபோது குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் பெரிதாக. அவர் வெல்லத்தை நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெறும் வாயிலேயே உதட்டைத் தூக்கிக் குத்தினேன். தொண்ணூறு.

நான் ஏறக்குறையக் கூத்தாடினேன். "பாத்தீங்களா! பத்தியம் வேலை செஞ்சிருச்சு!"

"வெல்லத்தக்கூட தொடல டாக்டர். நேத்துலேர்ந்து வைக்கலும் திங்கல. ஒரு மாதிரியா நிக்குது."

"அதுவே வெல்லத்த வேணாங்குது பாருங்க. உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் புத்தி இருந்தா அவருக்கும் சுகர் இறங்கிரும்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குதிரையின் கழுத்தில் கை வைத்து நின்றார். நான் அவர் போனை வாங்கி, நானே பாய்க்கு அழைத்து, தொண்ணூறு என்ற நல்ல செய்தியைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ், கொடுத்து வச்ச குதிரை" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் ஆள் வந்தது. குதிரை படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். அதற்கு என்னை உதைக்கத் தெம்பில்லை என்று தெரிந்த பிறகுதான் கழுத்தில் ஊசி போட எனக்குத் தைரியம் வந்தது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் குதிரை வைத்தியம் தெரிந்த ஒரு டாக்டரம்மா இருந்தார்.

ஒரத்தநாடு தாண்டியதும் குழாயை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் கீழே தங்கி, மேலே தெளிந்து நிற்க வேண்டும். மேலே தெளிவு இல்லை. பால் மாதிரி, கெட்டியான வெள்ளையாக நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ரோஸ் மில்க்கா?" என்றார். என் வாழ்க்கையில் பதிலுக்கு நான் ஜோக் சொல்லாத ஒரே சந்தர்ப்பம் அது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட இருபது வயதாவது குறைவு இருக்கும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தனை நாளா பட்டினி சார்?"

பட்டினி இல்லை, பத்தியம் என்றேன். சுகர், முந்நூற்று நாற்பது, எல்லாம் சொன்னேன். மிஷினை எடுத்துக் காட்டினேன்.

"ரத்தம் எங்க எடுத்தீங்க?"

"மேலுதட்டுக்கு உள்ள."

"அதுக்கு முன்னாடி வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

என் நாக்கில் அந்தப் புது வெல்லத்தின் இனிப்பு வந்து நின்றது. அன்றைக்கு நான் பார்த்தது குதிரையின் சுகர் அல்ல. அதன் உதட்டிலும் அவர் விரலிலும் ஒட்டியிருந்த வெல்லத்தைத்தான் மிஷின் எண்ணிச் சொன்னது. வெல்லத்தைத் தொடாத அன்று மட்டும் குதிரையின் உண்மையான அளவைக் காட்டியது. முதல் நாளும் அது தொண்ணூறாகத்தான் இருந்திருக்கும்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "சினையில பட்டினி போட்டா அது தன் உடம்புக் கொழுப்பக் கரைச்சு ரத்தத்துல விடும் சார். குட்டைக் குதிரைக்கு இது சீக்கிரம் வரும். ஈரல் தாங்காது." பிறகு மிஷினைத் திருப்பித் தந்தார். "கழுத்துல எடுத்த ரத்தத்துல ஒரு சொட்டு இதுலயே வச்சிருந்தாக்கூட ஓரளவு சரியா காட்டியிருக்கும். மிஷின் மேல தப்பில்ல."

யார் மேல் என்று அவர் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

குளுக்கோஸ் பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தேன். சுகர் என்று நான்கு வாரம் பட்டினி போட்ட குதிரைக்கு நரம்பு வழியே சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கும்போது அது ஒரு முறை காலை உதறியது. அவ்வளவுதான். வயிற்றுக்குள் குட்டி இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. அவர் அந்த வயிற்றின்மேல் கையை வைத்து, அசைவு நிற்கும்வரை எடுக்கவில்லை.

இதுவரை நான் சொன்னது முட்டாள்தனம். இனிச் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் வைத்துத் தப்பிக்க முடியாது.

பாய் போனில் வந்தார். "என்ன டாக்டரே ஆச்சு? ரெண்டு நாளுக்கு முந்தி தொண்ணூறுன்னீங்களே?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "சுகர்தான் பாய். உள்ளுக்குள்ள முத்திப் போயிருந்திருக்கு. நாம பாக்குறதுக்கு முன்னாடியே."

"போன அவள்ட்ட குடுங்க" என்றார்.

கொடுத்தேன். கை கழுவக் குழாயடிக்குப் போனேன். நாலடி தூரம்தான், எல்லாம் கேட்டது.

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல? வெல்லத்தக் குடுத்துக் குடுத்துக் கெடுக்காத, கெடுக்காதன்னு? ஒரு வாயில்லாச் சீவன, ஒரு குட்டிய... ஒன்ன நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்."

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நான் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன். நிறுத்தினால் திரும்ப வேண்டுமே என்று கழுவிக்கொண்டே இருந்தேன்.

பாய் கான்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ஊரில் கொஞ்ச காலம் அந்தப் பெண்ணுக்கு "வெல்லம் குடுத்துக் குதிரையக் கொன்னவ" என்ற பெயர் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே, "இது மனுசருக்கு, பயப்படாத" என்று கேலி செய்ததாக என் மனைவி வந்து சொன்னாள். நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கும்பகோணம் பக்கம் போய்விட்டேன்.

ஒருமுறை மாதா கோயிலில், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதிலும் என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: "பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன், ஒரு குதிரை, அப்புறம் பொறாமைப்பட்டேன்" என்று நடுவில் செருகி வேகமாகச் சொன்னேன். ஃபாதர் வயதானவர், காது மந்தம். பரிகாரமாக 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னார். அந்தக் குதிரைக்கு அதில் ஒன்றோ ஒன்றரையோ கிடைத்திருக்கும்.

பணி ஓய்வு பெற்ற மறுவருஷம் எனக்கே சுகர் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் புது மிஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக் கொடுத்தார். முதல் வாக்கியமே இதுதான்: "அங்கிள், கையை நல்லா கழுவித் தொடச்சிட்டுக் குத்துங்க. இனிப்பு ஏதாவது ஒட்டியிருந்தா தப்பா காட்டும்." முப்பது வருஷ அனுபவம் உள்ள டாக்டர் என்று நான் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சரிம்மா என்றேன்.

தினமும் காலையில் கை கழுவும்போதெல்லாம் அந்தக் குழாயடி வந்து நின்றது. ஒரு மாதம் தாங்கினேன். பிறகு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன்.

கொட்டகை இருந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அவருக்கு முன்தலை நரைத்திருந்தது. "வாங்க டாக்டர், எம்புட்டு வருசமாச்சு" என்று நாற்காலி போட்டார். எனக்கு சுகர் என்றதும் டீயைச் சர்க்கரை போடாமல் கொண்டுவந்தார். மச்சான் இன்னும் குவைத்தில்தான், அடுத்த வருஷம் வந்துவிடுவதாகச் சொல்கிறார் என்றார். எந்த வருஷமும் அடுத்த வருஷம்தான் என்று சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போதே நாலைந்து ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். இறுக்கத்தைக் குறைக்கலாமே என்று. முதல் ஜோக்கையே பாதியில் நிறுத்தினேன். மீதியை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். உங்கள் கையிலிருந்த வெல்லத்தைத்தான் மிஷின் காட்டியது தங்கச்சி, குதிரைக்குச் சுகரே இல்லை. நீங்கள் கெடுக்கவில்லை, நான் போட்ட பட்டினிதான் அதைக் கொன்றது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இவ்வளவு குறைவா என்று நீங்கள் கேட்டதுதான் சரி. அன்றைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் உங்களைத் திட்டும்போது கை கழுவிக்கொண்டு நின்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். போனால் போகுது டாக்டர் என்று சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளூர ஒரு நப்பாசையும் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

அவர் எழுந்து உள்ளே போய் போனை எடுத்துவந்தார். எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. போனை என் முன்னால் நீட்டினார்.

"மச்சான்கிட்ட சொல்லுங்க."